அப்பாவின் கணையக் கட்டியை ஏன் உடனே எடுக்கவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. தேனி பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறார். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. போன வருஷம் திடீரென்று சர்க்கரை வந்தது. உடம்பு இளைத்தது, சர்க்கரையால்தான் என்று இருந்துவிட்டோம். இரண்டு மாதம் முன்பு கண் மஞ்சளானது. மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருந்தும் இறங்கவில்லை. உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் 3 செ.மீ. கட்டி என்று வந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள், காமாலை இறங்கிவிட்டது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்கிறார்கள். வேறெங்கும் பரவவில்லையாம். ஆனால் உடனே ஆபரேஷன் இல்லை, ‘பார்டர்லைன்’, முதலில் கீமோ, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கைக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தபோது பத்தே நாளில் ஆபரேஷன் செய்தார்கள்; அத்தை இன்றும் நன்றாக இருக்கிறார். அப்பாவுக்கு மட்டும் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? கைவிட்டுவிட்டார்கள், சும்மா பேருக்குக் கீமோ கொடுக்கிறார்கள் என்கிறார் மாமா. ஊசி போட்டதால் இனிமேல்தான் பரவும் என்றும் சொல்கிறார்கள். முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா? அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. காமாலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரைப்பை, குடல் அறுவை சிகிச்சை நிபுணர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கைவிட்ட நோயாளியை நாங்கள் ‘பார்டர்லைன்’ என்று எழுத மாட்டோம். கணையப் புற்றுநோயில் முதல் கட்டமா, மூன்றாம் கட்டமா என்பதைவிட, கட்டியை முழுசாக எடுக்க முடியுமா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. இப்போதே எடுக்கலாம், எடுப்பதும் விடுவதும் சரிபாதி, இப்போது எடுக்க முடியாது, வேறு உறுப்புக்குப் போய்விட்டது என்று நான்காகப் பிரிப்போம். உங்கள் அப்பா இரண்டாவது வகை. இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போதே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கல்லீரலுக்கோ வேறிடத்துக்கோ போயிருக்கும். நேராக ஆபரேஷனுக்குப் போகக்கூடிய நிலையில் வருபவர்கள் 100 பேரில் 15 முதல் 20 பேர்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. கீமோ முதலில் கொடுப்பது அதை மூடுவதற்கல்ல.

ஏன் என்று புரிய, கணையம் எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்கே படுத்திருக்கும் சுமார் 15 செ.மீ. நீள உறுப்பு அது. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பதிந்திருக்கும். வால் இடப்பக்கம் மண்ணீரலைத் தொடும். கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய் அந்தத் தலைக்குள்ளேயே புகுந்து குடலுக்குப் போகிறது. அதனால்தான் அப்பாவுக்குக் காமாலை வந்தது. தலையை ஒட்டினாற்போல் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் சிரை. மற்றொன்று, சிறுகுடல் முழுவதற்கும் ரத்தம் கொடுக்கும் தமனி. எங்கள் பேச்சில் ‘எஸ்.எம்.ஏ.’

கணையத்துக்கென்று தனியாக எடுத்த சி.டி. ஸ்கேனைத் திரையில் போட்டதும் நாங்கள் கட்டியின் அளவைப் பார்ப்பதில்லை. அந்தத் தமனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு மெல்லிய கொழுப்பு வளையம் தெரியவேண்டும், அதைத்தான் தேடுவோம். வளையம் முழுசாக இருந்தால் நிம்மதி. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் கட்டி தொட்டிருக்கிறது. பாதிச் சுற்றளவுக்கு மேல் அழிந்திருந்தால் கட்டி தமனியைச் சுற்றிவிட்டது என்று பொருள். சிரையில் கட்டி ஒட்டியிருந்தால் அந்தத் துண்டையும் சேர்த்து வெட்டி, இரு முனைகளையும் தைத்துவிடலாம். தமனியில் அந்த விளையாட்டு கிடையாது. அது கெட்டால் சிறுகுடலே கறுத்துப்போகும். 2 செ.மீ. கட்டி தமனியைப் பிடித்திருந்தால் அது மோசம், 4 செ.மீ. கட்டி தள்ளியிருந்தால் அது தேவலாம். ‘வெறும் 3 செ.மீ. கட்டிதானே’ என்று யாராவது ஆறுதல் சொன்னால் தலையாட்டிவிட்டு இதை நினைவில் வையுங்கள்.

பார்டர்லைன் என்றால் கட்டி ரத்தக்குழாயைத் தொட்டிருக்கிறது, வளைக்கவில்லை. இன்றே வயிற்றைத் திறந்தால் எடுத்துவிட முடியும். ஆனால் குழாயின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். தங்கினால், அவ்வளவு பெரிய ஆபரேஷனால் கிடைக்கவேண்டிய பலனில் பெரும்பகுதி போய்விடும்.

அந்த ஆபரேஷன் பெரியது என்று சும்மா சொல்லவில்லை. அதற்கு ‘விப்பிள்’ என்று பெயர். 1909இல் பெர்லினில் வால்டர் காவ்ஷ் என்பவர் இதை இரண்டு கட்டமாகச் செய்தார். 1935இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் இதை வெளியிட்ட பிறகு அவர் பெயரே நிலைத்தது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, பெரும்பாலும் இரைப்பையின் ஒரு பகுதி என எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சக் கணையம், பித்தக்குழாய், இரைப்பை ஆகிய மூன்றையும் குடலோடு தனித்தனியாக இணைக்கவேண்டும். இதில் எங்களுக்குத் தூக்கம் கெடுவது கணைய இணைப்பில்தான். நல்ல கணையம் மிக மென்மையானது. தையல் ஊசி போன இடத்திலேயே கிழியும். கசிந்தால் வருவது புரதத்தைச் செரிக்கும் நீர். அது பக்கத்திலிருக்கும் ரத்தக்குழாயையே அரிக்கும். ஆகவே இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்யும் இடத்தில்தான் செய்துகொள்ளவேண்டும். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கணைய அறுவை மிக அரிதாக நடக்கும் மருத்துவமனைகளில் இறப்பு சுமார் 16 சதவீதமாகவும், நிறைய நடக்கும் இடங்களில் 4 சதவீதத்துக்குக் கீழேயும் இருந்தது. “வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள்?” என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். அடிக்கடி செய்பவர் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தேற இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். கீமோவைப் பின்னால் வைத்தால், கசிவாலோ பலவீனத்தாலோ அதைத் தொடங்கவே முடியாமல் போகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். கீமோ இல்லாமல் அறுவை மட்டும் போதுமா? போதாது. ஜெர்மனியில் நடந்த ஆய்வில், கட்டியை முழுசாக எடுத்தவர்களிலேயே, அறுவையோடு நிறுத்திக்கொண்டவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் சுமார் 10 சதவீதம். பின்னால் ஜெம்சிடபின் மருந்தும் எடுத்தவர்களில் சுமார் 21 சதவீதம். 2018இல் பிரான்ஸ், கனடா மருத்துவர்கள் நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் முறையை (சற்றே குறைத்த அளவில்) அறுவைக்குப் பின் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் 54 மாதங்களைத் தாண்டினார்கள். ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களில் அது 35 மாதம். இந்த எண்கள் உடல் தெம்பாக இருந்து, அறுவையும் நல்லபடியாக முடிந்தவர்களுக்கு உரியவை, எல்லோருக்கும் பொருந்தாது. ஆனாலும் இந்த நோயில் கத்தி மட்டும் தனியாக ஜெயிப்பதில்லை என்பது இவற்றிலிருந்து தெரியும். அறுவை சிகிச்சைக்காரன் நானே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. குடும்பத்தாரிடம் சொல்லக் கொஞ்சம் கடினமானது. கீமோ எடுக்கும் இரண்டு, மூன்று மாதத்துக்குள் சிலருக்குக் கல்லீரலில் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும். அவை அந்த மாதங்களில் புதிதாக வந்தவை அல்ல, முன்பே ஒளிந்திருந்தவை. அவர்களுக்கு முதல் நாளே ஆபரேஷன் செய்திருந்தால், தையல் ஆறுவதற்குள் நோய் திரும்பியிருக்கும். வீண் வலிதான் மிச்சமாகியிருக்கும்.

அத்தைக்கு நடந்தது ஏன் அப்பாவுக்கு நடக்கவில்லை என்ற உங்கள் கேள்வி நியாயமானது. மார்பகக் கட்டி கைக்குத் தட்டுப்படும். முக்கியமான ரத்தக்குழாய் எதையும் கட்டிப்பிடிப்பதில்லை. பல வகைகளுக்கு ஹார்மோன் மாத்திரை வரை மருந்துகள் இருக்கின்றன. கணையத்தில் இந்த மூன்றுமே இல்லை. உள்ளே இருப்பதால் வளர்வது தெரியாது. பித்தக்குழாயை அடைக்கும் தலைக்கட்டியாவது காமாலை மூலம் காட்டிக்கொடுக்கும். உடல்பகுதியிலும் வாலிலும் வருபவை முதுகுவலி வரும்வரை ஒன்றும் சொல்லாது. ஒருவகையில் உங்கள் அப்பாவின் காமாலை அவருக்கு உதவியிருக்கிறது.

கட்டியின் குணமும் வேறு. ஆபரேஷனில் கையை உள்ளே விட்டுத் தடவும்போது நல்ல கணையம் இருக்கும் இடமே மெத்தென்று இருக்கும், கட்டி இருக்கும் இடம் பழுக்காத கொய்யாபோல் கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டித்தன்மை முழுக்கப் புற்றணுக்களால் ஆனதல்ல. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பகுதி நாரும் தழும்புத் திசுவும்தான். நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் புற்றணுக்கள். நார் இறுக்குவதால் உள்ளே ரத்தக்குழாய்கள் நசுங்கிக் கிடக்கும். ரத்தத்தில் போகும் மருந்து வேண்டிய அளவு உள்ளே சேராது. உடம்பின் எதிர்ப்பு அணுக்களும் உள்ளே நுழையத் திணறும். வேறு சில புற்றுநோய்களில் அதிசயம் செய்யும் இம்யூனோதெரபி (அந்த எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடும் சிகிச்சை) இங்கே பெரும்பாலும் பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். நூற்றில் ஒருவர் போலச் சில மரபணு வகைக்காரர்களுக்குத்தான் கேட்கிறது. அப்படியானால் நாரைக் கரைத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்துபார்த்தார்கள். நாரில் இருக்கும் ஹையலூரோனிக் அமிலத்தைக் கரைக்கும் மருந்தைக் கீமோவோடு சேர்த்த மூன்றாம் கட்ட ஆய்வு 2019இல் தோல்வியில் முடிந்தது. எலிகளில் நாரைக் குறைத்தபோது சில கட்டிகள் இன்னும் வேகமாக வளர்ந்தன. நார் மருந்தைத் தடுப்பதோடு, நோயையும் ஓரளவு கட்டிப்போட்டிருக்கிறது போலும்.

மூன்றாவது, மரபணு. இந்தப் புற்றுநோயில் 90 சதவீதத்துக்கும் மேல் ‘கேராஸ்’ என்ற ஒரே மரபணு கெட்டிருக்கும். காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் அதை அடைக்கும் மருந்து கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தப் புரதத்தில் மருந்து போய் ஒட்டிக்கொள்ள வசதியான பள்ளம் இல்லை. 2021இல் வந்த முதல் மருந்து அடைப்பது ஜி12சி என்ற மாற்றத்தை. கணையத்தில் அது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அதிகம் காணப்படும் ஜி12டி உள்ளிட்ட மற்ற மாற்றங்களையும் அடக்கும் டாராக்சான்ராசிப் போன்ற மருந்துகளின் ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. அப்பாவின் சதை மாதிரியில் கேராஸ் வகையைப் பார்த்து வைத்திருந்தால் பின்னால் உதவலாம். வாட்ஸாப்பில் யாராவது ‘கணையப் புற்றுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது’ என்று அனுப்பினால்: அது நியூயார்க்கில் அறுவைக்குப் பின் 16 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முதல்கட்ட ஆய்வு. பாதிப் பேருக்கு எதிர்ப்புச் சக்தி தூண்டப்பட்டது. நல்ல செய்திதான், ஆனால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நிலைக்கு வரவில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒப்பிடுவதற்காக எழுதிய ஒரு வரி எனக்கு வேறு காரணத்துக்காக முக்கியமாகப் பட்டது. அப்பாவின் கூடப்பிறந்த தங்கைக்கு 42 வயதிலேயே மார்பகப் புற்றுநோய். ‘பிஆர்சிஏ’ என்ற மரபணுக் கோளாறு ஒரு குடும்பத்தில் பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றாகவும், ஆண்களுக்கு, பெண்களுக்கு இருபாலருக்குமே கணையப் புற்றாகவும் தலைகாட்டும். கணையப் புற்று வந்தவர்களில் 100க்கு ஐந்து முதல் ஏழு பேருக்கு இது இருக்கிறது. அப்பாவுக்கு இரத்தம் எடுத்து இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள். குடும்ப வரலாறு இல்லாதவர்களுக்கும் இப்போது பரிந்துரைக்கிறோம், வரலாறு இருக்கும் உங்கள் வீட்டில் செய்தே ஆகவேண்டும். இருக்கிறது என்று வந்தால், பிளாட்டினம் வகை மருந்து அதற்கு நன்றாக வேலை செய்யும். ஃபோல்ஃபிரினாக்ஸில் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் அந்த வகைதான். நோய் பரவிய நிலையில் ஓலபாரிப் மாத்திரை நோயைச் சில மாதங்கள் அடக்கிவைப்பதாக 2019 ஆய்வு காட்டியது. இந்தப் பரிசோதனை அப்பாவோடு முடிவதில்லை. அவருக்கு இருந்தால் உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்கள் மார்பகப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்பதே மாறும். அத்தையின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அத்தையின் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா? ஐம்பது வயதுக்கு மேல், குடும்பத்தில் இல்லாமல், எடை கூடாமல், சொல்லப்போனால் எடை குறைந்துகொண்டே சர்க்கரை வந்தால் கணையத்தை ஒருமுறை நினைக்கவேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். ஆனால் அந்த வயதில் புதிதாகச் சர்க்கரை வரும் 100 பேரில் சுமார் ஒருவருக்குத்தான் மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று வெளிப்படுகிறது. மீதி 99 பேரையும் சி.டி.க்கு அனுப்ப முடியாது. இந்தப் புற்று இரத்தத்தில் சுரக்கும் ஒரு பொருளை அளக்கும் சிஏ 19-9 என்ற பரிசோதனையும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க உதவாது. காமாலை இருந்தாலே அது ஏறும். சிலருக்குப் பிறவியிலேயே அது சுரப்பதில்லை, புற்று இருந்தாலும் ஏறாது. அந்த இளைப்பைச் சர்க்கரையின் கணக்கில் எழுதியது நீங்கள் மட்டுமல்ல; பல மருத்துவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள்.

கீழாநெல்லி கொடுத்த மூன்று வாரம் பற்றி மனசு குமைந்துகொண்டிருப்பீர்கள் என்று தெரியும். 2010இல் அமெரிக்காவில் கட்டிகளின் மரபணுக்களை வைத்துக் காலக்கணக்குப் போட்டார்கள். முதல் பிழை ஏற்பட்டதிலிருந்து முதல் புற்றணு பிறக்கக் குறைந்தது பத்து ஆண்டு, அது பரவும் சக்தி பெற இன்னும் ஐந்து ஆண்டாவது ஆகிறது. அதில் மூன்று வாரம் எந்த மூலைக்கு? ஆனால் ஊரில் மற்றவர்களுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: காமாலை என்பது நோயல்ல, ஒரு அறிகுறி. ஐம்பதைத் தாண்டியவருக்கு வலியில்லாமல் மஞ்சள் ஏறிக்கொண்டே போய், அரிப்பெடுத்து, மலம் வெளுத்தால் அது அடைப்புக் காமாலை; பச்சிலைக்கு இறங்காது. ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்தாகவேண்டும்.

பீடி, குடி இல்லாமல் எப்படி வந்தது என்றும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். புகை இந்த நோயின் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்பது உண்மை. அதற்காகப் புகைக்காதவருக்கு வராது என்றில்லை. பெரும்பாலோருக்கு ‘இதனால்தான்’ என்று விரல் நீட்ட ஒன்றும் இருக்காது. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அதிகம் காணப்படும் இன்னொரு கூட்டம் உண்டு: சின்ன வயதிலேயே கணையத்தில் கல் உருவாகி, வயிற்றுவலியும் சர்க்கரையும் வருபவர்கள். சென்னை மருத்துவர்கள் இவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, கணையப் புற்று வாய்ப்பு இவர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்று 1994இல் எழுதினார்கள். அப்பாவின் ஸ்கேனில் கல் என்று எதுவும் நீங்கள் குறிப்பிடவில்லை. உறவில் யாருக்காவது இருந்தால் அவர்கள் விடாமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

ஊசி விஷயம். எண்டோஸ்கோப்பி குழாயின் நுனியில் ஸ்கேன் கருவி வைத்து, முன்சிறுகுடலின் சுவர் வழியாக மெல்லிய ஊசியால் எடுக்கிறார்கள். அந்த வழியாகப் பரவுவது மிக மிக அரிது. அதோடு, தலைக்கட்டியில் ஊசி போன குடல்பகுதியே பின்னால் ஆபரேஷனில் எடுக்கப்பட்டுவிடும். நேராக ஆபரேஷன் என்றால் சில சமயம் ஊசி இல்லாமலேயே போவோம். கீமோ முதலில் என்றால் சதையில் உறுதியாகாமல் அந்த விஷ மருந்தை ஏற்றக் கூடாது. கணையத்தில் வரும் கட்டி எல்லாமே ஒரே நோயும் அல்ல. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டுபிடிக்கப்பட்டது ஹார்மோன் அணுக்களில் வரும் நியூரோ எண்டோகிரைன் கட்டி. அவர் அதற்குப் பின் எட்டு ஆண்டு இருந்தார். அதற்கான மருந்தே வேறு.

இனி வீட்டில் நீங்கள் பார்க்கவேண்டியவை. சாப்பிடாமல் இளைப்பதைவிட, சாப்பிட்டும் இளைப்பது இந்த நோயில் அதிகம். செரிக்கும் நீர் குடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டினால், டாக்டரிடம் சொல்லுங்கள். கணைய என்சைம் கேப்ஸ்யூல் தருவார். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. முதல் கவளத்தோடு போடவேண்டும். சாப்பாடு பெரிதானால் நடுவிலும் ஒன்று. சரியாகப் போட்டாலே பலருக்கு எடை இறங்குவது நிற்கிறது. எடை நின்றால்தான் கீமோவைத் தாங்குவார், ஆபரேஷனுக்கும் வருவார். சர்க்கரை என்பதற்காக எண்ணெய், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியில் வைத்திருக்க வேண்டாம். இன்சுலின் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டென்ட் பிளாஸ்டிக்கா, உலோகமா என்று கேட்டு எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் என்றால் இரண்டு, மூன்று மாதத்தில் அடைக்கும், மாற்றவேண்டும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து கண் மறுபடி மஞ்சளானால் அது பித்தக்குழாயில் கிருமி. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று ராத்திரியே கொண்டுபோங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலும் அதே அவசரம்தான். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். இந்தப் புற்றுநோயில் அது சாதாரணம். ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரல் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுளீரென்னும்; குளிர்ந்த மோர் குடித்தால் தொண்டை இறுகியதுபோல் பயம் காட்டும். முன்பே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டார். முதுகுவலி வந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மார்ஃபின் வகை மருந்துகள் உண்டு; அதற்கும் அடங்காவிட்டால் வயிற்று நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலியை மழுங்கடிக்கலாம்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எது எது அடங்கும் என்று கேட்டுவிடுங்கள். சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி போன்ற அரசு மருத்துவமனைகளில் இரைப்பை, குடல் அறுவைக்கென்றே தனித் துறைகள் இயங்குகின்றன. இரண்டாவது கருத்துக் கேட்பதாக இருந்தால் ரிப்போர்ட் தாளோடு சி.டி. படம் இருக்கும் வட்டையும் வாங்கிப் போங்கள். தாளை மட்டும் வைத்து எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

அப்பாவிடம் சொல்லாதது பற்றி. கீமோ வார்டில் நாற்காலியில் அவர் உட்காரப்போகிறார், பக்கத்து நாற்காலிக்காரர் “உங்களுக்கு எந்த இடத்துல?” என்று கேட்பார். அப்படித் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது மேல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவும் வேண்டாம். “ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு டாக்டர் விவரமாச் சொல்றேங்கிறாரு, நீங்க கேட்டுக்கிறீங்களாப்பா, இல்ல நாங்க பாத்துக்கவா?” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் ‘நீங்களே பாத்துக்கோங்க’ என்பார்கள்; அதுவும் அவர் எடுத்த முடிவு. கடை வைத்து நடத்தியவர், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மனசிலேயே கணக்கு வைத்திருப்பவர், பெரும்பாலும் கேட்டுக்கொள்ளத்தான் விரும்புவார் என்பது என் எண்ணம். கொடுக்கல் வாங்கல், எங்கே ஆபரேஷன், பக்கவிளைவை எவ்வளவு தூரம் பொறுப்பது, இதெல்லாம் அவர் தலையில்தான் ஓடவேண்டும். டாக்டரைச் சந்திக்கும்போது அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

கடைசியாக, கீமோவின் பாதியில் எடுக்கும் சி.டி. பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத்தான் பல குடும்பங்கள் தவறாக மனமுடைகின்றன. ‘கட்டி பெரிதாகச் சுருங்கவில்லை, ரத்தக்குழாயைத் தொட்டபடியே இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வரலாம். உயிருள்ள புற்றணுவையும், மருந்தில் அது செத்தபின் மிஞ்சும் தழும்பையும் சி.டி.யால் பிரித்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் மாற்றமே இல்லாத பலருக்கு ஆபரேஷனில் கட்டி சுத்தமாகக் கழன்று வந்திருக்கிறது. ஆகவே புதிதாக எங்கும் பரவாமல், சிஏ 19-9 நன்றாக இறங்கி, அப்பா நடமாட்டமாகவும் இருந்தால், அந்த வரியை மட்டும் வைத்து யாரும் கதவைச் சாத்த விடாதீர்கள். காமாலை முழுசாக இறங்கியபின், கீமோ தொடங்கும் முன் சிஏ 19-9 ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அந்த எண் வேண்டும். சி.டி. வந்ததும், விப்பிள் வழக்கமாகச் செய்யும் அறுவை சிகிச்சை நிபுணரும் கீமோ கொடுக்கும் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.